பாப்பாவின் மாலை அழுகையும் தாய்ப்பாலில் உள்ள லாக்டோஸும்

கேள்வி: எனக்கு முதல் குழந்தை, பெண். மாதம் நிறைந்து சுகப்பிரசவம். இன்றோடு 42 நாள். பிறந்தபோது 2.9 கிலோ, நேற்று எடை போட்டதில் 4.4 கிலோ. தாய்ப்பால் மட்டும்தான். மூன்று வாரமாகச் சாயங்காலம் ஆறு மணிக்கு அழ ஆரம்பித்தால் இரவு பத்து வரை ஓய்வதில்லை. காலை மடக்கிக்கொள்கிறாள், முகம் சிவக்கிறது, வயிறு கல் மாதிரி ஆகிறது. பால் குடிக்கும்போது புரையேறுகிறது. ஒரு நாளைக்கு எட்டு ஒன்பது முறை பச்சையாக, நுரையாக, சத்தத்தோடு வெளிக்குப் போகிறாள். மலத்தைப் பரிசோதித்ததில் பிஎச் 5.5, ரிடியூசிங் சப்ஸ்டன்ஸ் பாசிட்டிவ் என்று வந்தது. "லாக்டோஸ் ஒத்துக்கொள்ளவில்லை" என்று லேபில் சொன்னார்கள். மெடிக்கலில் லாக்டோஸ் இல்லாத பால் பவுடர் கொடுத்தார்கள், இன்னும் பிரிக்கவில்லை. அம்மா இதைப் பால் மாந்தம் என்கிறார். அத்தை என்னைப் பால், தயிர் தொடக்கூடாது என்கிறார். கணவருக்கும் பால் குடித்தால் வயிறு உப்பும். அதுதான் குழந்தைக்கும் வந்திருக்கிறதா? ஒரு பக்கம் ஐந்து நிமிடம், மறுபக்கம் ஐந்து நிமிடம் என்று மாற்றி மாற்றிக் கொடுக்கிறேன். எப்போதும் மார்பு கனத்தே இருக்கிறது. தாய்ப்பாலை நிறுத்தட்டுமா?

பதில்: பவுடர் டப்பாவைப் பிரிக்க வேண்டாம். தாய்ப்பாலையும் நிறுத்த வேண்டாம். பாப்பாவால் பாலைச் செரிக்க முடியவில்லை என்று காட்டும் அடையாளம் உங்கள் கடிதத்தில் ஒன்றுகூட இல்லை. பால் அவளுக்கு அதிகமாகவும் வேகமாகவும் போகிறது என்று காட்டும் அடையாளங்கள் நான்கைந்து இருக்கின்றன. அதற்குக் கொடுக்கும் முறையைத் திருத்தினால் போதும், பாலையே மாற்ற வேண்டியதில்லை. மாலை அழுகை இதோடு பின்னிக்கொண்டிருக்கும் இன்னொரு விஷயம். இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் எது சரியாகும், எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று தெரியும்.

முதலில் எடை. 42 நாளில் 1500 கிராம், அதாவது நாளொன்றுக்கு 35 கிராமுக்கு மேல். இந்த வயதில் நாளைக்கு 25 முதல் 30 கிராம் ஏறினாலே நல்ல வளர்ச்சி. பிறந்த சில நாட்களில் எல்லாக் குழந்தைகளுக்கும் எடை சற்று இறங்கித்தான் ஏறும். அதையும் சேர்த்தால் பாப்பாவின் ஏற்றம் இன்னும் கூடுதல். தாய்ப்பாலில் 100 மில்லிக்கு ஏறத்தாழ 7 கிராம் லாக்டோஸ் இருக்கிறது. பாலிலிருந்து கிடைக்கும் சக்தியில் பத்தில் நான்கு பங்கு இந்தச் சர்க்கரையிலிருந்துதான் வருகிறது. அது செரிக்காமல் போகும் குழந்தை இப்படி எடை போட முடியாது.

இன்னொரு கணக்கும் பாருங்கள். 4.4 கிலோ குழந்தை, கிலோவுக்கு 150 மில்லி வீதம், நாளைக்கு 660 மில்லி பால் குடிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அதில் சுமார் 46 கிராம் லாக்டோஸ் இருக்கும். 55 கிலோ எடையுள்ள பெரியவர் ஒருவர் அதே விகிதத்தில் லாக்டோஸ் சாப்பிட வேண்டுமானால் நாளைக்கு ஏறத்தாழ 12 லிட்டர் பசும்பால் குடிக்க வேண்டும். இவ்வளவு பெரிய சுமையை ஆறு வாரக் குழந்தையின் சிறுகுடல் தினமும் தாங்குகிறது. வேலையைச் செய்வது லாக்டேஸ் என்ற என்ஸைம். சிறுகுடலின் உள்சுவரில் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் நுண்ணிய முளைகளின் நுனியில் அது இருக்கிறது. லாக்டோஸை குளுக்கோஸ், கேலக்டோஸ் என இரண்டாக உடைக்கிறது. உடைந்தால்தான் குடல் உறிஞ்சும். இவ்வளவு சுமையில் கொஞ்சம் உடைபடாமல் பெருங்குடலுக்கு இறங்குவது இந்த வயதில் இயல்பு. அங்குள்ள நல்ல கிருமிகள் அதைப் புளிக்கவைத்துத் தங்களுக்கு உணவாக்கிக்கொள்கின்றன. மிஞ்சும் அமிலங்களைக் குழந்தையின் உடலும் சக்தியாக எடுத்துக்கொள்கிறது. அந்தப் புளிப்பின் துணைவிளைவுதான் வாயு.

உங்கள் கணவரின் வயிற்று உப்புசத்துக்கும் பாப்பாவுக்கும் இப்போது தொடர்பில்லை. தென்னிந்தியாவில் பெரியவர்களில் பெரும்பான்மையோருக்கு லாக்டேஸ் குறைவு. ஆனால் அவர்களும் கைக்குழந்தையாக இருந்தபோது தாய்ப்பாலை நன்றாகவே செரித்தவர்கள். பால்குடி மறக்கும் வயதைத் தாண்டித்தான், பெரும்பாலும் இரண்டு வயதுக்குப் பிறகு, அந்த என்ஸைம் படிப்படியாகக் குறையும். அப்பாவிடமிருந்து அந்தத் தன்மை பாப்பாவுக்கு வந்திருந்தாலும் அது தெரிய இன்னும் சில வருடங்கள் ஆகும்.

பிறவியிலேயே லாக்டேஸ் இல்லாத குழந்தைகள் உண்டு. உலகிலேயே அது அதிகமாகக் காணப்படும் பின்லாந்தில்கூட ஏறத்தாழ 60,000 பிறப்புக்கு ஒன்றுதான். அந்தக் குழந்தைக்கு முதல் முறை பால் குடித்த நாளிலிருந்தே தண்ணீர் தண்ணீராகப் போகும், எடை ஏறாது, இறங்கும், உடல் வற்றிப்போகும். மூன்றாவது வகை இடையில் வருவது: ரோட்டா வைரஸ் போன்ற கடுமையான வயிற்றுப்போக்கு, அல்லது பசும்பால் புரத ஒவ்வாமை, அந்தக் குடல் முளைகளின் நுனியைத் தேய்த்துவிடும். நுனியோடு லாக்டேஸும் போகும், புண் ஆறியதும் திரும்ப வரும். குறைமாதக் குழந்தைகளுக்கு லாக்டேஸ் சற்றுக் குறைவாக இருக்கும், ஏனென்றால் கர்ப்பத்தின் கடைசி வாரங்களில்தான் அது முழு அளவை எட்டுகிறது. இவற்றில் எதுவும் உங்கள் பாப்பாவுக்குப் பொருந்தவில்லை.

அப்படியானால் பரிசோதனை ஏன் பாசிட்டிவ்? தாய்ப்பால் குடிக்கும் ஆரோக்கியமான குழந்தையின் மலத்திலும் இந்தச் சோதனை அப்படித்தான் வரும். அந்த மலம் இயல்பாகவே அமிலத்தன்மை கொண்டது, பிஎச் 5.5 அதற்குச் சாதாரணம். உடைபடாத சர்க்கரை கொஞ்சம் மலத்தில் வருவதால் ரிடியூசிங் சப்ஸ்டன்ஸும் இருக்கும். பல நாள் வயிற்றுப்போக்கில் எடை குறைந்துவரும் குழந்தைக்கு இந்தச் சோதனை உதவும். நன்றாக வளர்ந்துகொண்டு அழ மட்டும் செய்யும் குழந்தைக்கு இதைச் செய்தால் விடை குழப்பத்தில்தான் முடியும். டயப்பரிலிருந்து வழித்தெடுத்த மலமாக இருந்தால் இன்னும் மோசம். சர்க்கரை நீர்ப்பகுதியில்தான் கரைந்திருக்கும், அதை டயப்பர் உறிஞ்சிக்கொள்ளும். வெகுநேரம் வைத்திருந்த மலத்தில் கிருமிகள் மிச்சச் சர்க்கரையையும் தின்று பிஎச்சை இறக்கிவிடும். இந்த ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிடுங்கள், திரும்பவும் எடுக்க வேண்டாம்.

இப்போது பச்சை மலம், நுரை, புரையேறுதல், எப்போதும் கனத்த மார்பு, ஐந்து ஐந்து நிமிடம். இவை ஒரே கதையின் பகுதிகள். மார்பு நிறைந்திருக்கும்போது முதலில் வரும் பாலில் கொழுப்பு குறைவு. மார்பு காலியாக ஆக, கொழுப்புத் துளிகள் கூடுதலாக வரும். இரண்டு வகைப் பால் என்று யாராவது சொன்னால் அப்படி நினைக்காதீர்கள். ஒரே பால்தான், கொழுப்பு கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. லாக்டோஸ் மட்டும் முதலிலிருந்து கடைசிவரை ஏறத்தாழ ஒரே அளவு. இரைப்பையில் பாலைத் தங்கவைப்பது கொழுப்பு. ஐந்து நிமிடத்தில் பக்கம் மாற்றினால் இரண்டு மார்பிலிருந்தும் கொழுப்பு குறைந்த பாலே வயிற்றில் சேரும். அது இரைப்பையில் நிற்காமல் வேகமாகச் சிறுகுடலுக்கு ஓடும். அங்கே லாக்டேஸ் போதுமான அளவு இருந்தாலும், வெள்ளம்போல் வருவதை உடைக்க நேரம் போதாது. மிச்சம் பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து வாயுவாகும், நீரையும் இழுத்துக்கொள்ளும். அதனால்தான் நுரை, வெடிப்பதுபோன்ற சத்தம். குடல் வழியாக வேகமாக ஓடுவதால் பித்தம் மஞ்சளாக மாற நேரமில்லாமல் பச்சையாகவே வருகிறது. கொழுப்பு குறைந்த பாலால் வயிறு சீக்கிரம் காலியாகி மறுபடி பசிக்கும், மறுபடி குடிப்பாள், குடிக்கக் குடிக்கச் சுரப்பும் கூடும். 1988-ல் மைக்கேல் உல்ரிஜ், குளோயி ஃபிஷர் என்ற இரு பிரிட்டிஷ் நிபுணர்கள் 'லேன்செட்' மருத்துவ இதழில் எடுத்துக்காட்டியது இதைத்தான்: லாக்டோஸ் செரிக்காததுபோலத் தோன்றும் குழந்தைகளில் சிலருக்குக் கோளாறு குடலில் இல்லை, பால் கொடுக்கப்படும் முறையில் இருக்கிறது.

அத்தை சொல்வதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. தாய்ப்பாலில் உள்ள லாக்டோஸ் நீங்கள் குடிக்கும் பாலிலிருந்து வருவதில்லை. மார்பே அதைத் தயாரிக்கிறது. நீங்கள் ஒரு சொட்டுப் பால் குடிக்காவிட்டாலும் அதே 7 கிராம்தான். நீங்கள் சாப்பிடும் பால், தயிரிலிருந்து தாய்ப்பாலுக்குள் போகக்கூடியது பசும்பால் புரதம், அதுவும் மிகச் சிறிதளவு. புரத ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு மட்டும் அது தொல்லை தரும். அப்படியென்றால் மலத்தில் ரத்தக் கோடுகளோ நிறையச் சளியோ இருக்கும், கன்னத்திலும் மடிப்புகளிலும் கரப்பான் வரும், வாந்தி அடிக்கடி இருக்கும். அப்போது மருத்துவர் மேற்பார்வையில் இரண்டு முதல் நான்கு வாரம் தாய் பால் பொருட்களை முழுவதும் விட்டு, பிறகு மறுபடி சாப்பிட்டு, தொல்லை திரும்ப வருகிறதா என்று உறுதிசெய்வார்கள். பாப்பாவுக்கு இந்த அடையாளங்கள் இல்லை. பாலூட்டும் தாய்க்கு நாளைக்கு 1200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். பிரசவப் பத்தியம் என்று ஏற்கெனவே பலதைக் குறைத்திருப்பீர்கள். தயிரையும் பறித்துக்கொள்ள வேண்டாம். சுகாதார நிலையத்தில் கொடுத்த கால்சியம் மாத்திரையையும் தொடருங்கள்.

இனி செய்ய வேண்டியது. முதல் மூன்று நாள் எதையும் மாற்றாமல் ஒரு நோட்டில் குறியுங்கள்: அழுகை தொடங்கிய நேரம், நின்ற நேரம், பால் கொடுத்த நேரம், எந்தப் பக்கம், மலத்தின் நிறம், சிறுநீர் எத்தனை முறை. சிணுங்கலையும் தேற்ற முடியாத அழுகையையும் தனித்தனியாக எழுதுங்கள். இந்தக் குறிப்பு இல்லாமல் என்ன மாற்றம் செய்தாலும், குறைந்ததா இல்லையா என்பது அன்றைய இரவின் களைப்பைப் பொறுத்துத்தான் தோன்றும். ஒன்றரை மாதத் தடுப்பூசியும் இப்போதுதான் வருகிறது. அதைத் தள்ளிப்போடாதீர்கள். ஊசி போட்ட முதல் இரண்டு நாள் அழுகை கூடும், ரோட்டா சொட்டு மருந்தால் மலமும் லேசாக இளகலாம். அந்த இரண்டு நாளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

அடுத்து, கடிகாரத்தை விட்டுவிடுங்கள். ஒரு பக்கம் வைத்தால் அவளாக வாயை எடுக்கும்வரை அதே பக்கம், பத்து நிமிடமானாலும் இருபதானாலும். வாயை எடுத்ததும் தோளில் போட்டு ஏப்பம் விடவையுங்கள். மறுபடி தேடினால் அதே பக்கத்தை ஒருமுறை காட்டுங்கள். அதன் பிறகும் வேண்டுமென்றால் மறுபக்கம். அடுத்த வேளை மறுபக்கத்தில் தொடங்குங்கள். பிடிப்பையும் பாருங்கள்: வாய் அகலத் திறந்து, கீழுதடு வெளிப்பக்கம் மடிந்து, முகவாய் மார்பில் அழுந்தி, காம்பைச் சுற்றிய கருவட்டம் மேல்பக்கம் கூடுதலாகத் தெரிய வேண்டும். 'டக் டக்' என்ற சத்தம் கேட்டால் காற்றும் சேர்ந்து போகிறது. புரையேறுவதற்கு ஒரு எளிய வழி: தலையணைகளில் நன்றாகச் சாய்ந்துகொண்டு பாப்பாவை உங்கள் மேல் குப்புற வைத்துக் கொடுங்கள். பால் கீழிருந்து மேலே ஏற வேண்டியிருப்பதால் வேகம் தணியும். பால் பீய்ச்சி அடிக்கும் அந்த முதல் அரை நிமிடம் அவள் திணறினால், வாயை எடுத்து ஒரு துணியில் வடியவிட்டுப் பிறகு வையுங்கள்.

பெரும்பாலான தாய்மாருக்கு இதுவே போதும். நாலைந்து நாளில் மலம் மஞ்சளாகத் திரும்பும், எண்ணிக்கை குறையும். ஐந்து நாள் கழித்தும் நுரையும் பச்சையும் மாறவில்லை, மார்பும் கனத்தே இருக்கிறது என்றால் அடுத்த படிக்குப் போகலாம். ஒரு நாளை மூன்று மணி நேரப் பகுதிகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். காலை 6 முதல் 9 வரை எத்தனை முறை கேட்டாலும் இடப்பக்கம் மட்டும், 9 முதல் 12 வரை வலப்பக்கம் மட்டும், இப்படியே. ஓய்விலிருக்கும் பக்கம் இறுகி வலித்தால் வலி தணியும் அளவுக்கு மட்டும் கையால் பீய்ச்சுங்கள். முழுக்கக் காலிசெய்தால் உடல் அதைக் கூடுதல் தேவை என்று எடுத்துக்கொண்டு இன்னும் சுரக்கும். பம்ப் வைத்து எடுக்கும் பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்த வேண்டும். பாலைக் காலிசெய்யாமல் தேங்கவிட்டால்தான் சுரப்பு குறையும். இந்த முறை வேலை செய்வது அதனால்தான்.

இதே காரணத்தால் இதில் ஆபத்தும் உண்டு. சுரப்பு அதிகம் என்று உறுதியில்லாத தாய் இதைச் செய்தால் பால் வற்றிப்போகும். முதல் நான்கு வாரத்தில் செய்யவே கூடாது, எடை பார்க்காமல் செய்யக்கூடாது, ஒரு வாரத்துக்கு மேல் நீட்டவும் கூடாது. மலம் மஞ்சளானதும் சாதாரண முறைக்குத் திரும்பிவிடுங்கள். நாளைக்கு ஆறு முறைக்குக் குறைவாகச் சிறுநீர் போனாலோ, எடை ஏற்றம் நாளைக்கு 20 கிராமுக்குக் கீழே இறங்கினாலோ உடனே நிறுத்துங்கள். மார்பில் ஓரிடம் சிவந்து, கெட்டிப்பட்டு, காய்ச்சலும் வந்தால் அது பால்கட்டு முற்றிய அழற்சி; அன்றே மருத்துவரைப் பாருங்கள், அந்தப் பக்கம் பால் கொடுப்பதையும் நிறுத்த வேண்டாம். எடையை எப்போதும் ஒரே தராசில், துணியில்லாமல் பாருங்கள். கிராம சுகாதார செவிலியரிடம் வாரம் ஒருமுறை போட்டால் போதும். தினமும் போட்டால் மனக்கலக்கம்தான் மிஞ்சும்.

இப்போது அழுகை. உலகெங்கும் குழந்தைகளின் அழுகை இரண்டாவது வாரத்திலிருந்து ஏறி, ஆறாவது வாரத்தையொட்டி உச்சத்தைத் தொட்டு, பிறகு இறங்குகிறது. பல நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்து 2017-ல் கணக்கிட்டபோது, முதல் ஆறு வாரத்தில் சாதாரணக் குழந்தையே நாளைக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் அழுவதும், 10 முதல் 12 வாரத்தில் அது ஒரு மணி நேரத்தை ஒட்டி இறங்கிவிடுவதும் தெரிந்தது. நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் மூன்று நாளுக்கு மேல், மூன்று வாரத்துக்கு மேல் என்றால் கோலிக் என்பது 1954-லிருந்து வழங்கிவரும் அளவுகோல். உங்கள் பாப்பா அதற்குள் வருகிறாள்.

இதற்கு லாக்டோஸ் மட்டுமே காரணம் என்றால் இரண்டு கேள்விகளுக்கு விடை கிடைக்காது. ஒன்று, ஏன் மாலையில்? லாக்டோஸ் நாள் முழுவதும் ஒரே அளவு. கொழுப்போ காலையைவிட மாலையில் கூடுதல். அப்படிப் பார்த்தால் காலையில்தான் அதிகம் அழ வேண்டும். இரண்டு, மூன்று நான்கு மாதத்தில் ஏன் தானாக நிற்கிறது? அப்போது அவள் நாளைக்கு 750 மில்லிக்கு மேல் குடிப்பாள், லாக்டோஸ் சுமை இப்போதைவிட அதிகமாக இருக்கும். வயிறு கல்போல ஆவதும் காலை மடக்குவதும் எந்தக் காரணத்துக்கு அழுதாலும் வரும். அழும்போது காற்றை விழுங்குவதால் வாயு சேர்கிறது. வாயு பிரிந்ததும் அழுகை நின்றால், வாயுதான் காரணம் என்று தோன்றிவிடுகிறது.

ஆனாலும் லாக்டோஸுக்குப் பங்கே இல்லை என்று தள்ளவும் முடியாது. செரிக்காத லாக்டோஸ் புளிக்கும்போது உண்டாகும் ஹைட்ரஜன் மூச்சில் வெளிவரும், அதை அளக்கலாம். கோலிக் உள்ள குழந்தைகளில் அது கூடுதல் என்று சில ஆய்வுகள் கண்டன. கோலிக் இல்லாத குழந்தைகள் பலரின் மூச்சிலும் அது இருந்தது. 2001-ல் லண்டனில் 53 குழந்தைகளிடம், பாலில் லாக்டேஸ் சொட்டு கலந்தும் மருந்தில்லாத வெறும் சொட்டு கலந்தும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குக் குழந்தைகளுக்கு மூச்சு ஹைட்ரஜனும் அழுகை நேரமும் சேர்ந்து பாதியளவு இறங்கின. அதற்கு முன் நடந்த சில சிறு ஆய்வுகளில் பலன் தெரியவில்லை. கோலிக்குக்கான உணவு மாற்றங்களை 2018-ல் அலசிய, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு, எதையும் பரிந்துரைக்கும் அளவுக்கு ஆதாரம் வலுவாக இல்லை என்றே முடித்தது. கோலிக் குழந்தைகளில் ஒரு சிறு கூட்டத்துக்கு லாக்டோஸ் அழுகையைக் கூட்டுகிறது, பெரும்பாலோருக்கு இல்லை என்பதே என் முடிவு. அந்தச் சிறு கூட்டத்துக்காகவும் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை.

பால் கொடுக்கும் முறையைத் திருத்தி பத்து நாள் ஆன பிறகும் அழுகை நாளைக்கு மூன்று மணி நேரத்துக்குக் கீழே குறையவில்லை என்றால், உங்கள் குழந்தை மருத்துவரிடம் கேட்டு லாக்டேஸ் சொட்டு மருந்தை ஒரு வாரம் சோதித்துப் பார்க்கலாம். ஒவ்வொரு முறையும் பால் கொடுக்கும் முன் கையால் 5 முதல் 10 மில்லி பால் பீய்ச்சிச் சுத்தமான பாலாடையில் எடுத்து, லேபிளில் உள்ள அளவுக்குச் சொட்டு கலந்து, சில நிமிடம் வைத்து ஊட்டிவிட்டு, உடனே மார்பில் போடுங்கள். சூடான பாலிலோ வெந்நீரிலோ கலந்தால் என்ஸைம் செத்துவிடும். ஒரு நாளைக்கு இரண்டு வேளை மட்டும் கொடுத்துவிட்டுப் பலனில்லை என்று சொல்ல முடியாது. எல்லா வேளையும் கொடுக்க வேண்டும், சிரமம் அதில்தான். ஏழு நாளில் அழுகை நேரம் மூன்றில் ஒரு பங்காவது குறையாவிட்டால் விட்டுவிடுங்கள். குறைந்தால் மூன்று நாள் நிறுத்திப் பாருங்கள். ஆறாவது வாரத்தில் எதைத் தொடங்கினாலும் அது வேலை செய்ததுபோலவே தோன்றும், அழுகை தானாகவே இறங்கும் பருவம் அது. நிறுத்தியதும் அழுகை திரும்ப ஏறினால் மட்டுமே மருந்துக்குப் பங்கு உண்டு. அப்போது மூன்று மாதம் வரை தொடரலாம். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைகளுக்கு லாக்டோபேசில்லஸ் ரூட்டரி என்ற நல்ல கிருமிச் சொட்டுக்கு ஆதாரம் இதைவிடச் சற்று நன்றாகவே இருக்கிறது. எதைச் சோதித்தாலும் ஒரு நேரத்தில் ஒன்று.

கொடுக்கவே கூடாதவற்றில் முதலிடம், வயிற்றுவலிக்கென்று கடையில் கிடைக்கும் டைசைக்ளோமின் கலந்த சொட்டு. ஆறு மாதத்துக்குள் இதனால் மூச்சு தடைபடும் ஆபத்து உண்டு. அட்டையைப் பாருங்கள், அந்தப் பெயர் இருந்தால் வாங்காதீர்கள். வாயுவுக்கென்று கொடுக்கும் சிமெதிக்கோன் மட்டும் உள்ள சொட்டு கெடுதல் செய்யாது, ஆனால் வெறும் சொட்டைவிடப் பலன் தந்ததாக ஆய்வுகளில் தெரியவில்லை. கிரைப் வாட்டர், ஓம வாட்டர், சர்க்கரைத் தண்ணீர் எல்லாம் பால் போக வேண்டிய வயிற்றை நிரப்பும். தேன் தொட்டு வைப்பதால் போட்யூலிசம் என்ற நரம்பைத் தாக்கும் நச்சு நோய் வரக்கூடும், ஒரு வயதுவரை கூடவே கூடாது.

உங்கள் அம்மா பால் மாந்தம் என்று சொல்வது, செரிக்காமல் வரும் நுரையையும் உப்புசத்தையும் தலைமுறை தலைமுறையாகப் பார்த்து வைத்த பெயர், பார்த்ததில் பிழையில்லை. அதற்காக வசம்பு உரசி நாக்கில் வைப்பதை மட்டும் மென்மையாகத் தடுத்துவிடுங்கள். வசம்பில் உள்ள ஆசரோன் என்ற பொருளின் காரணமாக அமெரிக்காவில் 1968-லேயே அதை உணவில் சேர்ப்பதைத் தடைசெய்துவிட்டார்கள். உரை மருந்து எதுவானாலும் உரசும்போது எவ்வளவு உள்ளே போகிறது என்று அளவிட வழியில்லை. தொக்கம் எடுப்பது, உரம் தட்டுவது, சூடு போடுவது எதற்கும் சம்மதிக்க வேண்டாம். அம்மாவிடம் வேறு வேலை கொடுங்கள்: மாலை ஆறு மணிக்குப் பாப்பாவை அவர் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் குளித்து, சாப்பிட்டு, ஒரு மணி நேரம் படுங்கள்.

அந்த நான்கு மணி நேரத்துக்குள் செய்யக்கூடியவை சிறியவைதான். முன்கையில் குப்புறப் போட்டு வயிற்றை லேசாக அழுத்திப் பிடித்து நடப்பது, மெல்லிய துணியில் சுற்றி மார்போடு அணைப்பது, விளக்கைக் குறைப்பது, தூளியில் மெதுவாக ஆட்டுவது, ஃபேன் சத்தம். தூளியில் தூங்கிவிட்டால் துணியைத் தளர்த்தி, கெட்டியான படுக்கையில் மல்லாக்கப் படுக்கவையுங்கள். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் செய்தால் குழந்தைக்கு இன்னும் எரிச்சல்தான். ஒன்றைத் தேர்ந்து ஐந்து நிமிடமாவது தொடருங்கள். ஒவ்வொரு அழுகைக்கும் பால் கொடுக்க வேண்டும் என்றில்லை. ஒரு மணி நேரத்துக்கு முன்தான் நன்றாகக் குடித்தாள் என்றால் முதலில் தூக்கிப் பாருங்கள். கோபமோ அழுகையோ உங்களுக்கே வந்துவிட்டால் அவளைப் பாயில் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு பத்து நிமிடம் வெளியே போய் நில்லுங்கள். அழுவதால் அவளுக்கு ஒன்றும் ஆகாது. யாராவது பிடித்துக் குலுக்கினால் மூளையில் ரத்தம் கசியும். இரண்டு வாரமாக எதிலும் மனம் ஒட்டவில்லை, தூங்க வாய்ப்பு கிடைத்தும் தூக்கம் வரவில்லை என்றால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு அழையுங்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

எழுதியிருப்பதில் ஆபத்தான அடையாளம் எதுவும் இல்லை. ஆனாலும் இவற்றில் ஒன்று தெரிந்தால் மாலைவரை காத்திருக்காதீர்கள்: உடல் சூடு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல், பச்சை நிறத்தில் வாந்தி, ஒவ்வொரு முறை குடித்ததும் தூரப் பாயும் வாந்தி, மலத்தில் ரத்தம், பால் குடிக்க மறுத்துத் துவண்டு கிடப்பது, விட்டுவிட்டு அலறி இடையில் வெளிறிப்போவது, உச்சிக்குழி புடைப்பது, தொடையிடுக்கில் புடைப்பு. திடீரென்று வழக்கத்துக்கு மாறாக அலறினால் முதலில் எல்லாத் துணியையும் கழற்றி விரல்களைப் பாருங்கள். பிரசவத்துக்குப் பின் சில மாதம் தாய்க்கு முடி அதிகமாகக் கொட்டும். ஒரு முடி கால் விரலில் சுற்றி இறுக்கியிருந்தால் விரல் வீங்கிக் கறுக்கும். இவ்வளவு வேகமாக எடை போடும் குழந்தைக்கு அரைஞாண் கயிறும் கை வளையும் வாரத்துக்கு வாரம் இறுகும், அதையும் தளர்த்திவிடுங்கள்.

நீங்கள் எதிர்பார்க்க வேண்டியது இது: நுரையும் பச்சையும் புரையேறுதலும் ஒன்றிரண்டு வாரத்தில் சரியாகும். மாலை அழுகை அதோடு கொஞ்சம் குறையும், முழுவதும் போகாது. இன்னும் சில வாரம் இருந்து மூன்று மாதத்தையொட்டி அடங்கும். பவுடர் டப்பாவைப் பில்லோடு மெடிக்கலில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், வீட்டில் இருந்தால் ஒரு நள்ளிரவில் யாராவது பிரித்துவிடுவார்கள். தடுப்பூசிக்குப் போகும்போது எடை போட்டுக்கொண்டு வாருங்கள், பத்து நாள் கழித்து இன்னொரு முறை. அந்த இரண்டு எடையையும் நோட்டில் உள்ள குறிப்பையும் உங்கள் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.